குகைக்குள் விட்டு வந்தேன்

உத்திரமேரூருக்குப் பக்கத்துக் குன்றில் ஒரு குகை உண்டு. மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பன் ஏகாம்பரமும் நானும் அதற்குள் புகுந்தோம். இருவருக்கும் இருபது வயதிருக்கும். முழங்கை முங்கும் சேற்றுத் தண்ணீரில் குப்புறப் படுத்துத்தான் ஊர முடிந்தது. அவன் முன்னால் போனான். டார்ச் லைட்டோடு நான் பின்னால்.

திடீரென்று அவன், "தோளு மாட்டிக்கிச்சி, காலப் புடிச்சி இயுடா!" என்று கத்தினான்.

அதே நேரம் மேலிருந்து தண்ணீர் கொட்டியது. பாறை சரியப்போகிறது என்று நினைத்துவிட்டேன். அவன் காலைத் தொடக்கூட இல்லை. பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்துவிட்டேன். அவன் என்னைக் கூப்பிடுவது வாசல்வரை கேட்டது. நான் பதில் கொடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து அவனாகவே வெளியே வந்தான். விரல் நுனியெல்லாம் ரத்தம். என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டான்.

"தோளு அப்பவே வந்துட்ச்சிடா. கூப்டா உன் சத்தமே இல்ல. தண்ணில மயங்கி வுயிந்துட்டியோன்னு இருட்டுல இடுக்கெல்லாம் தடவிக்கினே வரேன். உனுக்கு ஒண்ணும் ஆவலியே?"

"ஒண்ணும் ஆவல" என்றேன்.

பயந்து ஓடியதைக்கூட நான் மன்னித்துக்கொள்வேன். அவன் என்னைத் தேடிக்கொண்டிருந்த நேரம் முழுவதும், வெயிலில் உட்கார்ந்து, அவன் வீட்டில் போய் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேனே, அதைத்தான் முடியவில்லை.