இரண்டு திரைகளில் கோத்த மலர்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் எங்கள் அச்சகம் இருந்தது. அச்சகம் என்று நான் சொல்வேன். வந்தவர்கள் ஒரு கணினியையும் மூன்று நாற்காலிகளையும் பார்த்துவிட்டு, அச்சகம் எங்கே என்று கேட்பார்கள். தட்டச்சு செய்து பக்கம் அமைப்பது என் மனைவி. வாடிக்கையாளரிடம் பேசுவது நான். இரண்டில் எது கடினம் என்பதில் எங்களுக்குள் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. கல்யாணப் பத்திரிகையும் காரியப் பத்திரிகையும் செய்து காலம் போனது. முதுகுத்தண்டு உள்ள ஒரு தடித்த புத்தகம் செய்ய வேண்டும் என்பது இருவருக்கும் ஆசை.

தொண்ணூறுகளின் கடைசியில் கிள்ளான் கோயில் ஒன்று கும்பாபிஷேக மலர் போடப் போவதாகக் கேள்விப்பட்டுப் போய் நின்றேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் கனமான புத்தகம். அந்த ஊரிலேயே பெரிய அச்சகம் ஒன்று அதைக் கேட்டு வைத்திருந்தது. கோயில் தலைவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். எதையும் நேரில் பார்த்தால்தான் நம்புவார்.

"அவங்ககிட்ட நாலு மிஷின் இருக்கு. உங்ககிட்ட என்னா இருக்கு தம்பி?" என்றார்.

நான் யோசிப்பதற்குள் என் வாய் பதில் சொல்லிவிட்டது. ஒரே கணினியில் இரண்டு திரைகள். ஒன்றில் தமிழ்ப் பக்கம், மற்றதில் அதே பக்கம் ஆங்கிலத்தில். விரித்த புத்தகம் மாதிரி பார்க்கலாம் என்றேன். அப்படிச் செய்யலாம் என்று ஒரு கணினிப் பத்திரிகையில் படித்திருந்தேன். என் தொழில்நுட்ப அறிவின் முழுப் பரப்பும் அதுதான். நல்ல நாளாக இருக்கட்டும் என்று விஜயதசமியன்று மாலை நான்கு மணிக்கு வருவதாகத் தலைவர் சொன்னார். மாதிரிக்கு உபயக்காரர் பட்டியலை இரு மொழியிலும் கொடுத்தார். அதே பட்டியல் அந்தப் பெரிய அச்சகத்துக்கும் போயிருந்தது. காட்ட முடியாவிட்டால் மலர் அவர்களுக்கு.

அந்தக் காலத்துக் கிராபிக்ஸ் கார்டு ஏகபத்தினி விரதம் பூண்டது: ஒரு கார்டுக்கு ஒரு மோனிட்டர். இரண்டாவது திரை வேண்டுமென்றால் இரண்டாவது கார்டு வேண்டும். அது வேறு கம்பெனி, வேறு வயது, வேறு துளையில் செருகுவது. சாலாக் செலாத்தானில் கணினிக் கடை வைத்திருந்த சீன நண்பர் ஒரு பழைய கார்டையும், வெள்ளை நிறத்தை மோர் நிறமாகக் காட்டும் ஒரு பழைய மோனிட்டரையும் கொடுத்தார். வேறு வேறு கார்டு ஒத்துப் போகுமா என்று கேட்டேன். "கேன், போஸ். சம்டைம்ஸ் கேனாட் லா" என்றார்; போகும், சில சமயம் போகாது. சம்பந்தம் பேசுகிற இடங்களில்கூட இவ்வளவு நேர்மையை நான் கண்டதில்லை.

ஆயுத பூசையன்று மனைவி பொங்கல் வைத்தாள்; பொட்டு வைக்கும் பொறுப்பு எனக்கு. காகிதம் வெட்டும் கத்தி, ஸ்டேப்ளர், மௌஸ், கணினி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். புதிதாக வந்த கார்டை மட்டும் விடலாமா? வெள்ளி நிறப் பையிலிருந்து எடுத்து அதற்கும் வைத்தேன்.

மறுநாள் காலை நல்ல நேரம் பார்த்து அதைச் செருகினேன். பெரிய மோனிட்டர் எரிந்தது. மோர் மோனிட்டர் இருட்டாகவே இருந்தது. விண்டோஸோ, 'இரண்டாவது கார்டா, எங்கே?' என்று கேட்டது. கழற்றிச் செருகினேன். அடுத்த துளையில் செருகினேன். மென்பொருளைத் திரும்பப் போட்டேன். மதியம் இரண்டரைக்கு, இரண்டு கார்டும் ஜாதகப் பொருத்தமில்லாதவை என்று மனைவியிடம் விளக்கினேன். அவள் பட்டியலைத் தட்டி முடித்தாள்.

சீன நண்பருக்குப் போன் போட்டேன். கார்டின் அடியில் தங்க நிறத்தில் பல் வரிசை இருக்குமே, அதைத் தொட்டாயா என்று கேட்டார். தொடவே இல்லை என்று ஆணித்தரமாகச் சொன்னேன்.

மனைவி நாற்காலியைத் திருப்பினாள். "நேத்து பூசையில அந்தக் கார்டுக்கு எங்க பொட்டு வச்சிங்க?"

"நெத்தியிலதான்."

"கார்டுக்கு நெத்தி எதுங்க?"

அந்தக் கார்டில் பார்க்க லட்சணமாக இருந்த இடம் தங்க நிற ஓரம் ஒன்றுதான். நகை மாதிரி மின்னியது. அங்கே மூன்று பொட்டு, தாராளமாக. கழற்றிப் பார்த்தால் சந்தனம் பல்லிடுக்கில் காய்ந்து கிடந்தது. அவள் மேசை டிராயரிலிருந்து பென்சில் ரப்பரை எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தாள். துளைகளைப் பழைய பல் பிரஷ்ஷால் தட்டினாள். நான் பக்கத்தில் நின்று பக்தியோடு ஊதினேன்.

மூன்றே முக்காலுக்கு மோர் மோனிட்டரில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது: இதை உங்களால் படிக்க முடிந்தால் இந்தக் கார்டு வேலை செய்கிறது என்று பொருள். நான் அதை மூன்று முறை படித்தேன்.

தலைவரும் செயலாளரும் பொருளாளரும் படியேறி வந்தார்கள். மனைவி மௌஸை நகர்த்தினாள். அம்பு பெரிய திரையின் ஓரத்தில் மறைந்து சின்னத் திரையில் வெளிப்பட்டது. தலைவர் கிட்டே போய் இரண்டு மோனிட்டருக்கும் நடுவே எட்டிப் பார்த்தார். பிறகு இன்னொரு தரம் செய்யச் சொன்னார். நாற்பத்தெட்டு நாள் மண்டலாபிஷேக உபயம் இரு திரைகளிலும் விரிந்தது.

"அந்தப் பக்கம் ஏன்மா ஒரு வரி குறையுது?" என்றார் தலைவர்.

மனைவி விரலை வைத்து இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டாள். அவர்கள் கொடுத்த ஆங்கிலப் பட்டியலிலேயே பத்தொன்பதாம் நாள் இல்லை. தலைவருடைய சம்பந்தி வீட்டு உபயம் அது. கோயில் குழு முழுவதும் அதைத் தாளில் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தது. அந்தப் பெரிய அச்சகம் விடுபட்டபடியே அச்சுப்படி கொடுத்திருந்ததாகச் செயலாளர் மெல்லச் சொன்னார். தலைவர் சம்பந்தியம்மாளின் முகத்தை நினைத்துப் பார்த்திருப்பார்.

"மலர இங்கயே போட்டுருங்கம்மா" என்றார். என்னிடம் இல்லை, அவளிடம்.

தைக்கு முன் மலர் வந்தது. முதுகுத்தண்டோடு. அதை அலமாரியில் நிற்க வைத்து வாசலிலிருந்து ஒரு தரம் பார்த்தேன். இறங்கிப் போய்த் திரும்பி ஏறி வந்து இன்னொரு தரம் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் பெயருக்குக் கீழே 'இரண்டு திரைகளில் கோக்கப்பட்டது' என்று ஒரு வரி இருக்கும். இருவேறு கார்டுகளின் துணையோடு என்றும் சேர்த்திருந்தேன். மனைவி அதை மட்டும் நீக்கிவிட்டாள். அடுத்த ஆயுத பூசைக்குப் பொட்டு வைக்க எனக்கு ஸ்டேப்ளர் மட்டும் ஒதுக்கப்பட்டது.