வாசலில் பூசை கண்ட எங்கள் அண்ணன்

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது நீங்கள் கோயிலுக்கு வெளியே, பந்தலின் கீழ், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். உள்ளே பெஞ்சுகள் காலியாகக் கிடக்க, முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலியை ஏன் முற்றத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டிருப்பீர்கள். உள்ளே வெள்ளையடிக்கும் வேலை ஒன்றும் நடக்கவில்லை. இது நான் கேட்டு நடப்பது. ஏன் கேட்டேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். நினைவு மலருக்கு இது அழகில்லை என்று நினைப்பவர்களுக்காகப் பின்பக்கங்களில் போட்டோக்கள் வைத்திருக்கிறோம், அவற்றைப் பார்க்கலாம்.

எங்கள் அண்ணன் பிறந்தது காடாம்புலியூரில். அப்பா அப்போது அங்கே பள்ளி ஆசிரியர். பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்த வயதில் வந்த காய்ச்சல் இரண்டு கால்களையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அம்மா அவரை இடுப்பில் வைத்தே பள்ளிக்கூடத்துக்குச் சுமந்தார்கள். அதன் பிறகு கடலூருக்குக் குடிவந்தோம். நான் பிறந்தது இங்கேதான். எனக்கு நினைவு தெரிந்தபோது அண்ணன் கால்களுக்கு இரும்புக் காலிப்பர் மாட்டி, இரண்டு கட்டைகளை ஊன்றி, தெருமுனை வரைக்கும் யாருடைய தயவும் இல்லாமல் போய்வந்துகொண்டிருந்தார். மனமுவந்து தன்னைத் தூக்கவிட்டது அம்மாவை மட்டும்தான் என்று பிற்பாடு எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

சிதம்பரத்தில் படித்தார், சிதம்பரத்திலேயே ஓர் அரசு அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. வாரநாட்களில் அங்கே தனியாக ஒரு வீடு எடுத்துத் தங்கி, தானே சமைத்துச் சாப்பிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் சைடு வீல் வைத்த ஸ்கூட்டரில் கடலூர் வந்துவிடுவார். தெருவில் யாருக்கு முதியோர் பென்ஷன் மனு எழுத வேண்டுமானாலும் ஞாயிறு காலையில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். எழுதிக் கொடுப்பார், பிறந்த தேதி தெரியாமல் வந்தவர்களைத் திட்டிக்கொண்டே எழுதிக் கொடுப்பார்.

எல்லாரும் அவரை நல்ல மனிதர் என்றார்கள். ஆனால் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அதை யாரும் கொடுக்கவில்லை.

எங்கள் கோயிலுக்கு ஒன்பது படிகள். கைப்பிடிகூட இல்லாத படிகள். சின்ன வயதில் கட்டையைக் கீழே போட்டுவிட்டு, கையை ஊன்றி உட்கார்ந்தபடியே ஏறிவிடுவார். வேலைக்குப் போய், வெள்ளைச் சட்டை போட ஆரம்பித்த பிறகு அப்படி ஏற அவருக்கு மனம் வரவில்லை. ஊர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. தூக்கிவிடுவது.

என் கல்யாணத்தன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் அண்ணன் வாசலில் நின்றிருந்தார். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, நல்ல தாட்டியான ஆள். "இன்னாடா இங்கியே நின்னுக்கிட்டு இருக்க, தங்கச்சி கல்யாணம்டா" என்று கேட்டபடியே இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு அண்ணனைத் தூக்கிவிட்டார். "வேணாம் மாமா, உட்டுடு மாமா" என்று அண்ணன் சொன்னது எனக்குப் பலிபீடத்தின் முன்னால் நிற்கும்போதே கேட்டது. ஐந்தாவது படியில் வேட்டி அவிழ்ந்தது. ஒரு ஷூ கழன்று உருண்டு கீழே போனது. யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். மணப்பெண்ணாக நின்ற நானும் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். கெட்ட எண்ணத்தில் இல்லை, எல்லாரும் சிரித்ததால் சிரித்தேன். அண்ணன் முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்டு, வேட்டியைப் பிடித்துக்கொண்டு பூசை முடியும்வரை தலைநிமிரவில்லை.

அதற்குப் பிறகு அவர் உயிரோடு அந்தப் படிகளில் ஏறவில்லை. படிகளுக்குக் கீழே, முகப்பில் வலதுபக்கத் தூணை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து பூசை கண்டார். நற்கருணை அப்பத்தை யாராவது வெளியே கொண்டுவந்து கொடுப்பார்கள். சில ஞாயிறுகளில் மறந்துவிடுவார்கள்.

பங்குத்தந்தை மாறும்போதெல்லாம் புதிதாக ஒரு மனு எழுதினார். பக்கவாட்டு வாசலில் ஒரு சாய்தளம் வேண்டும், அவ்வளவுதான். எத்தனை அடி நீளம் இருந்தால் சக்கர நாற்காலி ஏறும் என்று படமும் வரைந்து வைப்பார். கோயிலின் அழகு கெட்டுவிடும் என்றார்கள். அந்த ஆண்டுகளில் மாதாவுக்குக் குகைபோல ஒரு கெபி கட்டினார்கள், கொடிமரம் நட்டார்கள், மணிக்கூண்டுக்கு விளக்கு போட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பளிங்குக்கல், ஒவ்வொரு கல்லிலும் ஒரு குடும்பத்தின் பெயர். டியூப்லைட்டின்மேல் பெயர் எழுதி வெளிச்சத்தையே மறைத்திருக்கிறார்கள். சாய்தளத்தில் பெயர் போட்டுக்கொள்ள மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

ஒருமுறை பங்குப் பேரவைக் கூட்டம் முற்றத்தில் நடந்தது. நானும் இருந்தேன். "நாங்க நாலு பேரு இருக்கோம், ஒரு நிமிஷத்துல தூக்கி உள்ள வெச்சிட மாட்டோமா?" என்றார் ஒருவர்.

"வெச்சிடுவீங்க" என்றார் அண்ணன். "நடுப்பூசையில ஒன்னுக்கு வந்தா யாரக் கூப்புடறது? சாமியாரையா?"

கூட்டம் சிரித்தது. மனு பீரோவுக்குள் போனது. வீட்டுக்கு வரும் வழியில் நான்தான் சொன்னேன், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ அண்ணே" என்று. அவர் கட்டையை வேகமாக ஊன்றி எனக்கு முன்னால் போய்விட்டார்.

அலுவலகத்திலும் இதே கதை. பதவி உயர்வு வந்தபோது அவர் போக வேண்டிய பிரிவு மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. பிரிவைக் கீழே கொண்டுவரச் சொன்னார், முடியாது என்றார்கள். சொந்தக் காரணங்களை முன்னிட்டு இந்தப் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அண்ணன், "மாடிப்படியை முன்னிட்டு" என்று எழுதிக் கொடுத்தார். திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் அதையே எழுதினார். மூன்றாவது தடவை அதிகாரி கூப்பிட்டு, "ஏன் சார் வம்பு பண்றீங்க?" என்று கேட்டிருக்கிறார். "படி என் சொந்தமில்ல சார், ஆபீஸ் சொந்தம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் மாடிக்குப் போனார்கள். அண்ணன் கீழே, அதே நாற்காலியில், ஓய்வுபெறும்வரை இருந்தார். வழியனுப்பு விழாவில் அவருடைய பொறுமையைப் பாராட்டிப் பேசினார்களாம். பொறுமையாம்! வேறு வழியில்லாமல் ஒருவரை உட்காரவைத்துவிட்டு அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்தவர்களை, நான் அங்கே இருந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

கடைசி நாட்களில் இருதயம் பலவீனமாகி வீட்டில் படுத்திருந்தார். சாவதற்கு நான்கு நாள் முன்பு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பாப்பா, என்னைக் கோயிலுக்குள்ள தூக்கிக்கிட்டுப் போவாதீங்க. எப்பவும் நான் இருக்கற எடத்துலயே வெச்சு பூசை பண்ணிக்குங்க."

"அப்படியெல்லாம் பேசாதண்ணே."

"பேச்ச மாத்தாத. சரின்னு சொல்லு."

சரி என்றேன். கையைப் பிடித்துச் சொன்னேன்.

அடக்கத்தன்று பெட்டி முதல் படிக்கு முன்னால் வந்ததும் நான் குறுக்கே நின்றேன். இங்கேயே வைத்துத்தான் பூசை என்றேன். பெட்டியை முன்னால் பிடித்திருந்தவர் மாமா. "பைத்தியமா உனக்கு? அநாதைப் பொணமா இது, வாசல்ல வெக்க? ஊரு இன்னா சொல்லும்?" என்றார். நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ என் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தார்கள். நான் நகர்ந்துவிட்டேன். இழுத்ததால் நகரவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று எனக்கும் பயம் வந்துவிட்டது. ஒன்பது படிகளையும் ஒரே மூச்சில் ஏற்றிவிட்டார்கள். இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியவில்லை. பூசை முழுக்க அழுதேன். அண்ணன் போன துக்கம் என்று நினைத்து எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள்.

முப்பதாம் நாள் முடிந்ததும் அண்ணனின் கடைசி மனுவையும் படத்தையும் எடுத்துக்கொண்டு பேரவைக்குப் போனேன். உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, அன்பாகவே கேட்டார்கள்: "அவருதான் இல்லியேம்மா. இனிமே யாருக்கு?"

எங்கள் ஊர் செய்த தப்பு முழுவதும் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. ஏதோ அண்ணன் ஒருவருடைய தனிப்பட்ட ஆசை போலவும், ஆள் போனதும் ஆசையும் முடிந்துபோனது போலவும் பேசினார்கள். நாங்கள் பணம் கொடுத்தால் அண்ணன் பெயரில் கல் வைத்துக் கட்டலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம் என்றேன். அந்த ஒன்பது படிகளில் யார் பெயரும் இல்லை, எல்லாருக்கும் என்று கட்டியிருக்கிறார்கள். சாய்தளத்தையும் அப்படியே கட்டட்டும்.

இந்த மழைக்காலத்தில் மாமாவுக்கு வாதம் வந்து இடதுபக்கம் விழுந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு முதல் ஞாயிறு, மருமகள் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். வாலிபர்கள் இரண்டு பேர் ஓடிவந்து, "தாத்தா, ஒரு நிமிஷம், தூக்கிடறோம்" என்றார்கள். மாமா நல்ல கையால் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "வேணாம்பா. தூக்காதீங்க" என்றார். வலதுபக்கத் தூணை ஒட்டி நிறுத்தினோம். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பூசை பாதி ஆனபோது மெல்லக் கேட்டார்:

"இங்கேருந்து பீடமே தெரிய மாட்டேங்குதேம்மா?"

"தெரியாது மாமா. எங்க கல்யாணத்துலேருந்தே தெரியாது."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கு நான் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. இன்றும் என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை, என்னையும் மன்னிக்க முடியவில்லை. ஆனால் இப்போது பேரவையில் கிடக்கும் புதிய மனுவில் முதல் கையெழுத்து மாமாவுடையது, வலது கையால் போட்டது. இந்த மலர் அச்சுக்குப் போகும் நாள்வரை பக்கவாட்டு வாசலுக்கு ஒரு செங்கல்கூட வரவில்லை.

அண்ணனுக்குக் கடைசிவரை மருந்தும் கஞ்சியும் கொடுத்துப் பார்த்துக்கொண்ட என் கணவருக்கும், சிதம்பரத்தில் பக்கத்து வீட்டில் இருந்து தினமும் ஒரு குரல் கொடுத்துக் கேட்ட அக்காவுக்கும், ஸ்கூட்டரை ஒவ்வொரு தடவையும் சரிசெய்து கொடுத்த மெக்கானிக் தம்பிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நான் கேட்டதும் மறுக்காமல் பலிபீடத்தை விட்டுப் படியிறங்கி வரச் சம்மதித்த பங்குத்தந்தைக்கும் நன்றி. தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்வது வழக்கம். மன்னிக்கவும், அந்த நன்றியை என்னால் எழுத முடியவில்லை.

பூசை முடிந்ததும் சாப்பாடு இங்கேயே, பந்தலின் கீழ்தான். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முன்வரிசையில், தூணை ஒட்டி மாமா உட்கார்ந்திருப்பார், அருகில் போய்ப் பேசுங்கள். அவரைத் தூக்க மட்டும் யாரும் வர வேண்டாம்.