இரண்டு வயது கூட்டிச் சொன்னோம்

இந்த நாட்டில் பல் வைத்தியரிடம் தொலைபேசியில் நேரம் கேட்டால், மறுமுனையில் இருக்கும் பெண் பல்லைப் பற்றி விசாரிப்பதில்லை. பெயரையும் பொருட்படுத்துவதில்லை, எங்கள் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் களைத்துவிடும். "கெபூர்ட்ஸ்டாட்டும்?" என்பாள். பிறந்த திகதி. அதைச் சொன்னால் உங்கள் முழுச் சீவியமும் அவளுடைய கணினியில் வந்து நிற்கும். மின்சாரக் கம்பனியும் அப்படி, நூலகமும் அப்படி. எங்கள் ஆட்கள் இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். சாதகத்துக்கு ஒரு திகதி, அரசாங்கக் கந்தோருக்கு ஒரு திகதி. கலியாண வீடுகளில் யாராவது "அண்ணைக்கு எத்தினை வயசு?" என்று கேட்டால், "எந்த வயசைக் கேக்கிறீர்?" என்று பதில் வரும். எல்லோரும் சிரிப்போம். கெட்டிக்காரர் என்று எங்களைப் பற்றி எங்களுக்கு அப்படி ஒரு நினைப்பு. அந்தக் கெட்டித்தனம் என் மகனுக்கு என்ன செய்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். பிள்ளைகளோடு ஊரைவிட்டு வெளிக்கிட இருப்பவர்கள் இதை வாசிக்கலாம். வாசித்துவிட்டு நான் செய்ததையே அவர்களும் செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும்.

மகனின் பெயர் நிரோஜன். நாங்கள் இருப்பது ஜெர்மனியில், மன்ஹைம் நகரத்தில், அமெரிக்க இராணுவ முகாமுக்குக் கிட்ட. பள்ளிக்கூடத்தில் தொடக்கம் முதலே அவன்தான் வகுப்பில் கட்டை. ஓட்டப் பந்தயத்தில் கடைசி. உதைபந்தாட்டக் கழகத்தில் மூன்று மாதம் ஆட விடாமல் வாங்கில் இருத்திவிட்டு, இனி வரவேண்டாம் என்று நயமாகச் சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் அவனைச் சேர்த்துக்கொண்டது பேஸ்பால் கழகம் ஒன்றுதான். ஜெர்மன்காரர் எவரும் சீண்டாத விளையாட்டு என்பதால் அங்கே யார் போனாலும் சேர்ப்பார்கள். ஞாயிறு ஆட்டத்துக்கு இருபது பேர் வருவார்கள், அதில் பாதி நாய் கொண்டுவந்தவர்கள். நான் யாழ்ப்பாணத்தில் பாடசாலைக் கிரிக்கெட் அணிக்கு முதல் ஓவர் போட்டவன். எங்களுக்கு முழங்கை மடிந்தால் அது குற்றம். "எறியிறான்" என்று ஒருவனைச் சொன்னால் அவன் கள்ளன் என்று அர்த்தம். என் மகனோ முழங்கையை மடித்து எறிவதையே பழகிக்கொண்டிருந்தான். எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகத்து ஆட்களுக்கு அது பெரிய பகிடி. "அது தடியால பந்தடிக்கிற எங்கட எல்லே விளையாட்டுத்தானே அண்ணை, அதுக்கேன் உந்த உடுப்பு?" என்பார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

பயிற்சியாளனின் பெயர் ஊவெ. வீடுகளில் வெப்பமூட்டி திருத்துகிறவன், வண்டி வயிறு வைத்தவன். கையில் ஒரு சிறு எண்ணும் கருவி வைத்திருப்பான். மகன் எறியும் ஒவ்வொரு பந்துக்கும் டிக் என்று அழுத்துவான். எழுபது ஆனதும், ஆட்டம் வெல்லும் நிலையில் இருந்தாலும் சரி, மகனை வெளியே கூப்பிட்டு முழங்கையில் ஐஸ் கட்டிவிடுவான். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை களைக்கவில்லையே, ஏன் நிறுத்துகிறாய் என்று என்னுடைய ஜெர்மனில் கேட்டேன். "கை களைத்தது இன்றைக்குத் தெரியாது, முப்பது வயதில்தான் தெரியும்" என்றான். விசரன் என்று நினைத்துக்கொண்டேன். என்னை எங்கள் விளையாட்டு மாஸ்டர் ஒரே நாளில் இருபத்திரண்டு ஓவர் போட வைத்தவர். அதற்குப் பிறகு வலது கையை உயர்த்தி என்னால் ஒரு யன்னல் சீலைகூடக் கொழுவ ஏலாது. அதையும் பல வருடம் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான்.

ஊவெ மகனுக்குப் பந்து எறிய மட்டும் பழக்கவில்லை, நிற்கவும் பழக்கினான். கால் எவ்வளவு உயர வேண்டும், இடுப்பு எப்போது திரும்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாக. குளிர்காலத்தில் பந்துக்குப் பதிலாகத் துவாய் ஒன்றைக் கொடுத்து, கண்ணாடிக்கு முன்னால் நின்று வீசச் சொன்னான். எங்கள் வீட்டு நடையில் மாதக் கணக்காகத் துவாய் சடார் சடார் என்று கேட்டது. மனைவி அன்னம், "பக்கத்து வீட்டுக்காரி நாங்கள் பிள்ளையை அடிக்கிறம் எண்டு பொலிசைக் கூப்பிடப்போறாள்" என்று பயந்தாள். அடுத்த இளவேனிலில் மகனின் பந்து சீறிக்கொண்டு வந்தது. அது எப்படி என்று ஊவெக்கே பிடிபடவில்லை. பதினெட்டு வயதாகப்போகிறவன் இன்னும் சவரம் செய்யவில்லை, சப்பாத்து மட்டும் நான்கு மாதத்துக்கு ஒரு அளவு கூடுகிறது. "பிந்தி வளர்கிறவன்" என்று தலையைச் சொறிந்தான். அவனுக்கு விளங்காதது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கத்தான் செய்தது. வாயைத் திறக்கவில்லை.

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் இங்கே நடந்து முடிந்த அடுத்த கோடையில் றிக் வந்தான். ஹொலண்டில் இருந்துகொண்டு, ஐரோப்பா முழுக்க வாகனம் ஓட்டி, அமெரிக்காவில் உள்ள பெரிய கழகம் ஒன்றுக்குப் பெடியன்களைத் தேடிக் கொடுக்கிறவன். சூரியகாந்தி விதையைக் கடித்து உமியைக் கண்ட இடமெல்லாம் துப்பிக்கொண்டு, வேகம் அளக்கும் துவக்கு ஒன்றை மகனை நோக்கி நீட்டினான். பெயரும் துவக்கு, உருவமும் கைத்துப்பாக்கி. நான் ஒரு கணம் மகனுக்கு முன்னால் போய் நிற்கப் பார்த்தேன். மணிக்கு நூற்று முப்பத்திரண்டு கிலோமீற்றர். பிறகு மாட்டுத் தரகர் மாதிரி மகனைச் சுற்றி வந்தான். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான், பாதத்தைப் பார்த்தான். என்னை எழும்பி நிற்கச் சொன்னான். அன்னத்தின் சகோதரர்கள் எவ்வளவு உயரம் என்று விசாரித்தான்.

"இஞ்சாருங்கோ, இவர் என்ன சம்பந்தம் பேச வந்தவரோ?" என்றாள் அன்னம். அவளுடைய தம்பிமார் இரண்டு பேரும் ஆறடிக்கு மேல் என்று சொன்னோம். றிக்குக்கு முகம் மலர்ந்தது. கழகத்துத் தாளை வாங்கினான், பிறந்த திகதியைப் பார்த்தான், தாளைத் திருப்பிக் கொடுத்தான். ஊவெ எனக்கு மொழிபெயர்த்தான்: ஆவணியில் பதினெட்டு என்றால் வளர்ச்சி முடிந்துவிட்டது, இந்த வேகம் போதாது. இதே பந்து பதினாறு வயதுக்காரன் கையிலிருந்து வந்திருந்தால் இலையுதிர் காலத்திலேயே ஒப்பந்தம் எழுதி அமெரிக்காவுக்குக் கூட்டிப்போயிருப்பானாம். மகன் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தொப்பியைக் கழற்றினான், திரும்பப் போட்டான்.

அவனுக்கு ஆவணியில் நிறையப்போவது பதினாறுதான்.

தொண்ணூற்றாறில் நாங்கள் மூன்று பேரும், ஆட்களைக் களவாக அனுப்பும் ஏஜென்சிக்காரன் மூலமாக வந்துகொண்டிருந்தோம். மாஸ்கோவில் ஓர் அறைக்குள் பதினான்கு பேராக ஏழு வாரம் அடைபட்டுக் கிடந்தோம். அங்கே ஜெர்மனியைக் கரைத்துக் குடித்த மாதிரிக் கதைக்கும் ஒருவர் இருந்தார். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அங்கே பள்ளிக்கூடம் இல்லை, அகதி முகாமில் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்றார். நிரோஜனுக்கு அப்போது ஐந்து நிறையவில்லை. என் யாழ்ப்பாண மூளை உடனே கணக்குப் போட்டது. இரண்டு வயது கூட்டிச் சொன்னால் இறங்கியவுடன் பள்ளிக்கூடம். மற்றவன் பிள்ளை பல்கலைக்கழகம் நுழையும்போது என் பிள்ளை டொக்டராக வெளியே வருவான். பெற்ற பிள்ளையின் இரண்டு வருடத்தை விழுங்கிவிட்டு அதை முன்னேற்றம் என்று நினைத்த மடையன் நான். கையில் ஒரு பத்திரமும் இல்லை. விசாரணையில் என்ன சொன்னோமோ அதை எழுதினார்கள். பிள்ளைக்கும் சொல்லிச் சொல்லிப் பழக்கினோம். ஒரு வருடத்தில் அவனே அதை நம்பிவிட்டான்.

றிக் வந்துபோன அன்று பின்னேரம் அன்னம் அலுமாரியின் அடியிலிருந்து அவனுடைய சாதகக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தாள். கடவுச்சீட்டு, அடையாள அட்டை எல்லாவற்றையும் எறியச் சொன்ன ஏஜென்சிக்காரனுக்குத் தெரியாமல் அவள் அதை மட்டும் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தவள். பிரசோற்பத்தி வருடம், ஆவணி மாதம், நட்சத்திரம், நாழிகை எல்லாம் அதில் இருந்தன. "சொல்லுங்கோ. இனியும் சொல்லாட்டி எப்ப சொல்லப்போறியள்?" என்றாள். நான் மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் ஆத்திரப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கொப்பியை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான்.

"அப்ப நான் கட்டையில்லையா அப்பா?" என்றான்.

பதினொரு வருடம் தன்னைவிட இரண்டு வயது மூத்தவர்களோடு ஓடிக் கடைசியாக வந்த பிள்ளை. ஒவ்வொரு முறையும் நான் அவனிடம், சோற்றைத் தின்றும் வளராதவன் என்று ஏசியிருக்கிறேன்.

கொப்பியை ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஜெர்மனில் மாற்றி, முத்திரை குத்தி வாங்கினேன். எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் இப்படிப் புத்தி போகும். சாதகம் பொய் சொல்லாது என்பது எங்களுக்கு. உலகத்துக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். றிக் அதைப் பார்த்துச் சிரித்தான். கரீபியன் தீவுகளில் ஒவ்வொரு தகப்பனும் தன்னிடம் இதே கதையைத்தான் சொல்கிறான், கிரகங்களைக் கொண்டுவந்தவன் நீதான் முதல் ஆள் என்றான். இந்த நாட்டில் நான் என் மகனின் வயதைப் பற்றி உண்மை பேசியது அதுதான் முதல் தடவை. அன்றைக்குத்தான் என்னைக் கள்ளன் என்று பார்த்தார்கள். ஆனாலும் அவன் ஒரு வாசலைத் திறந்து வைத்தான்: புரட்டாதி முடிவதற்குள் சரியான திகதியோடு அரசாங்கப் பத்திரம் ஒன்று வந்தால் ஒப்பந்தம் எழுதலாம்.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் முன்கூட்டியே நேரம், டெர்மின், எடுத்து நானும் மகனும் போனோம். அங்கிருந்த பெண் கொப்பியைத் தலைகீழாகப் பிடித்துப் புரட்டினாள். "நட்சத்திர பலனா? என்னுடைய வாரப் பத்திரிகையிலும் வருகிறது" என்றாள். பகிடி விடுகிறாள் என்று நான் சிரித்தேன். அவள் பகிடி விடவில்லை. வயதைக் குறைத்தால் பிள்ளைக்கான உதவிப் பணம் இன்னும் இரண்டு வருடம் வரும் என்று யாராவது சொல்லித் தந்தார்களா என்று கேட்டாள். பிறகு, இங்கே முதலில் எதைச் சொன்னீர்களோ அதுதான் செல்லும் என்றாள். "அது பொய் என்று இப்போது சொல்கிறீர்களா? அப்படியென்றால் நான் பதிய வேண்டும். உங்கள் குடியுரிமை விண்ணப்பம் மேல்மாடியில் இருக்கிறது. மூன்று பேருடைய கோப்புகளையும் திரும்பத் திறப்பார்கள்." பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

மகன் வாயைத் திறந்தான். அவனுடைய ஜெர்மன் என்னுடையதைவிட நூறு மடங்கு நல்லது, அவன் சொல்லியிருப்பான். நான் மேசைக்குக் கீழே அவனுடைய முழங்காலை அழுத்தினேன். அந்த வருடம் ஊரில் சண்டை திரும்பவும் மூண்டிருந்தது. எனக்குப் பயம், வேறொன்றுமில்லை. "மிஸ்ஃபெர்ஷ்டென்ட்னிஸ்" என்றேன். பிழையான புரிதல். என் வாயிலிருந்து ஒரு பிழையும் இல்லாமல் வந்த ஒரே ஜெர்மன் சொல் அதுவாகத்தான் இருக்கும். அவள் பேனாவை மூடினாள். நான் கொப்பியை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

ட்ராமில் மகன் யன்னல் பக்கம் இருந்தான்.

"நீங்கள் சொல்லியிருக்கலாம் அப்பா."

"சொல்லி மூண்டு பேரையும் திருப்பி அனுப்பினா?"

"அனுப்ப மாட்டினம். அவ சும்மா வெருட்டினவ."

"உனக்கென்னெண்டு தெரியும்?"

"உங்களுக்கும்தான் தெரியாது" என்றான். அதற்குப் பிறகு எங்களுக்குள் அந்தப் பேச்சு வரவில்லை. றிக் அந்த இலையுதிர் காலத்தில் வேறு நகரத்துப் பெடியன் ஒருவனைக் கூட்டிப்போனான் என்று ஊவெ சொன்னான். பதினாறு வயதாம், நிரோஜனைவிட வேகம் குறைவாம். என் மேல் ஊவெக்குக் கோபம் இருந்திருந்தால் நன்றாயிருக்கும். அவன் வழமைபோலக் கை தந்துவிட்டு, எண்ணும் கருவியோடு மைதானத்துக்குள் இறங்கினான்.

குடியுரிமை அடுத்த வருடம் கிடைத்தது. ஊன்ட்றொப் என்ற ஊரின் கோயில் தேர்த் திருவிழாவில் கண்டவர்கள் எல்லாம் என் கையைக் குலுக்கினார்கள். மகன் மெடிசின் படிக்கவில்லையா என்றும் கேட்டார்கள். பொறியியல் என்றேன், கொஞ்சம் குறைவாகத்தான் பார்த்தார்கள். அவன் இன்னும் ஞாயிறுகளில் எறிகிறான். இப்போது நூற்று நாற்பத்தைந்து. றிக் போன்றவர்கள் ஒருவரும் பார்க்க வருவதில்லை, பத்திரத்தில் இருபது வயது.

போன கார்த்திகையில் அன்னத்தின் தம்பி மகளின் கலியாணத்துக்கு லண்டன் போக விமான நிலையத்தில் நின்றோம். அன்னம் முன்னமே அங்கே போய்விட்டாள். மகன் எனக்கு முன்னால். ஜெர்மன் கடவுச்சீட்டில் கண்ணின் நிறமும் உயரமும் எழுதியிருப்பார்கள். எல்லைப் பொலிஸ்காரன் அதைப் பார்த்தான், மகனைப் பார்த்தான், பிறகு கழுத்தை நிமிர்த்தி இன்னும் மேலே பார்த்தான். இதில் ஒரு மீற்றர் எண்பத்தொன்று என்று இருக்கிறதே என்றான். வளர்ந்துவிட்டேன் என்றான் மகன். இப்போது எவ்வளவு என்று பொலிஸ்காரன் கேட்டான். ஒரு மீற்றர் தொண்ணூற்று மூன்று என்றான் மகன்.

"இதை எடுக்கும்போது வயது பத்தொன்பது. அதற்குப் பிறகா வளர்ந்தீர்கள்?"

மகன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குப் பின்னால், எல்லாம் காதில் விழும் தூரத்தில் நின்றேன். அவன் பொலிஸ்காரனின் கண்ணாடிக் கூண்டுப் பக்கம் திரும்பி, "எங்கள் ஆட்கள் அப்படித்தான்" என்றான். பொலிஸ்காரன் தலையை ஆட்டினான். எங்களைப் பற்றி எதைச் சொன்னாலும் அவன் நம்பியிருப்பான். மகன் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனான். கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார்கள்.