சாவியை ஆற்றில் எறிந்த அண்ணன்

ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஸ்வீடன்காரி ஒருத்தி குடியிருந்தாள். அவள் ஊரில் சரித்திர டீச்சர். காலையில் காபி குடிக்கும்போது அந்த நாட்டுப் பழைய ராஜாக்களைப் பற்றிச் சொல்வாள். எனக்குக் கதை கேட்கும் ஆசை ஜாஸ்தி, தைரியம் கம்மி.

ஒரு ராஜா, அவருக்கு இரண்டு தம்பிகள். ஆட்சி யாருக்கு என்று வருஷக்கணக்காகச் சண்டை. திடீரென்று ராஜா தம்பிகளை விருந்துக்கு அழைத்தார். கோட்டையில் இடமில்லை என்று அவர்களுடைய வீரர்களை ஊருக்குள் தங்க அனுப்பிவிட்டார். வயிறாரச் சாப்பிட்டுப் படுத்தவர்களைச் சங்கிலி போட்டு நிலவறையில் அடைத்து, சாவியை ஆற்றில் எறிந்தாராம். பட்டினியிலேயே செத்தார்கள்.

அந்த வாரம்தான் என் மாமனாரின் கருமாதி. கிராமத்து மாரியம்மன் கோயிலில் முதல் மரியாதை அவருக்கு. கருமாதியில் யாருக்குத் தலைப்பாகை கட்டுகிறார்களோ, அந்த மரியாதை அடுத்து அவருக்குப் போகும். வழக்கப்படி அது மூத்த மகனுக்கு. ஆனால் மாமனார் சாகுமுன் ஊரார் எதிரில், சின்னவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். சின்னவர் என் கணவர். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

கருமாதிக்கு முந்தின நாள் அண்ணனே போன் செய்தார்.

“மத்தியானம் சாப்பாட்டுக்கு வா. யாரையும் கூட்டிக்கினு வராத, தனியா வா.”

போகவேண்டாம் என்று கெஞ்சினேன். வெள்ளைக்காரி கதை கேட்டு உனக்கு மண்டை குழம்பிவிட்டது என்று கணவர் சிரித்தார். அங்கே ஒரு வாய்கூடச் சாப்பிடக்கூடாது என்று நாலு வயது மகனின் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அனுப்பினேன்.

போனவரைப் போனில் பிடிக்க முடியவில்லை. அந்த வீட்டின் பின்கட்டில் தானியம் கொட்டும் அறை ஒன்று உண்டு, வெளியே பூட்டு. அதையே நினைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

சாயங்காலம் பைக் வந்தது. பின்னால் அண்ணன். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

“சாவு வூட்ல பங்காளி கை நனைக்காம எழுந்தா என்னா அர்த்தம்னு உனக்குத் தெரியாதாம்மா?”

நான் வாங்கிய சத்தியத்தைக் கணவர் அங்கே சொல்லிவிட்டிருக்கிறார்.

“எனக்கு ரெண்டும் பொண்ணு. நானும் வாணாம், இவனும் வாணாம். தலப்பாவ உம்புள்ளைக்கே கட்டிடலாம். எனக்குச் சோறு போடு, பசிக்குது.”

போட்டேன். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். அவரை என்னவெல்லாம் நினைத்துவிட்டேன் என்று வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே ஸ்வீடன்காரியிடம் சொன்னபோது அவளுக்கு ஒரே சந்தோஷம். அவர்கள் கதையிலும் அப்படித்தானாம். ஜனங்கள் ராஜாவைத் துரத்திவிட்டு, செத்த தம்பி ஒருவரின் மூன்று வயதுப் பிள்ளையை ராஜாவாக்கினார்களாம். அந்தப் பிள்ளை அப்புறம் என்ன ஆனான் என்று கேட்டேன். அவள் காபியைப் பார்த்தாள். பெற்ற மகனே எதிர்த்தான், பிரபுக்கள் நாட்டைவிட்டே விரட்டினார்கள், கடைசியில் கப்பல் உடைந்து கடலில் மூழ்கினான் என்றாள். அதெல்லாம் ரொம்ப வருஷம் கழித்து என்று சமாதானமும் சொன்னாள்.

மறுநாள் கருமாதியில், நான் சத்தியம் வாங்கிய அதே தலையில் தலைப்பாகை கட்டினார்கள். துணி சரிந்து அவன் கண்ணை மூடியது. ஊரே சிரித்தது. நான் அவன் கையை விடவில்லை.

“அம்மா, இத எப்பம்மா கழட்டுவாங்க?” என்றான்.