சாமி இல்லை என்றவர் அடித்த சூடம்

என் அப்பாவின் நாத்திகத்தை முழுதாக நம்பிய ஆள் எங்கள் ஊரில் ஒருவர்தான். மிராசுதார். அம்மா நம்பவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா துண்டை விரித்துப் படுத்துக் கண்ணை மூடியதும், அம்மா விபூதிச் சம்புடத்தைத் திறந்து அவர் நெற்றியில் ஒரு கீற்று இழுத்துவிடுவாள். அவர் அசையமாட்டார். எழுந்து முகம் கழுவி, கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, கடவுள் இல்லை என்று பேசத் திருத்துறைப்பூண்டிக்குப் பஸ் ஏறிவிடுவார். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். அம்மாவுக்கு எழுப்பும் உத்தேசமே கிடையாது.

குத்தகைதாரர்களைப் பதிவு செய்யச் சொல்லிச் சட்டம் வந்தபோது மிராசுதார் ஒரே போடாகப் போட்டார். அவர் நிலத்தில் அப்பா உழுத ஐந்து மா நஞ்சையும் குத்தகையே இல்லையாம், அப்பா வெறும் கூலியாளாம். வருஷா வருஷம் குத்தகை நெல் அளந்ததற்கு எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. எல்லாம் வாய்ச்சொல்லில் நடந்தது. ஐயனார் கோயில் வாசலில் ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. மிராசுதார் எழுந்து, "ஐயனார் முன்னாடி சூடம் அடிச்சு சத்தியம் பண்ணட்டும். குத்தகைன்னு நானே கையெழுத்துப் போடறேன்" என்றார்.

கூட்டத்துக்கு அது தர்மமாகப் பட்டது. எனக்குப் பதினைந்து வயது. எனக்கே அதிலிருந்த சூது புரிந்தது. பொய் சொல்கிறவனுக்குத்தான் சத்தியம் சுடும். அப்பாவுக்கு உண்மைக்குச் சத்தியம் பண்ணுவதே சுடும். மேடைதோறும் இல்லை என்று சொன்ன சாமியை அப்பா சாட்சிக்குக் கூப்பிடமாட்டார் என்று மிராசுதார் நம்பினார். ஐயனாரைக்கூட யாரும் அவ்வளவு உறுதியாக நம்பி நான் பார்த்ததில்லை.

பூசாரி ஒரு செங்கல்லின் மேல் சூடத்தை ஏற்றினார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சூடம் பாதியானது. அது தானாக அணைந்தால் நிலம் போய்விடும். பிறகு குடும்பத்தோடு கூலிக்குத்தான் போகவேண்டும். எனக்கு அப்பாமேல் ஆத்திரமாக வந்தது. அடித்துத் தொலைத்தால்தான் என்ன, கொள்கையா சோறு போடப்போகிறது?

அப்போது பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து அம்மா முன்னால் வந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அதே ஐயனாருக்கு விளக்குப் போடுகிறவள்.

"வேணாங்க. மனசுக்கு ஒப்பாததச் செய்யாதீங்க. நிலம் போனா போவுது. வாங்க, வீட்டுக்குப் போவலாம்."

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, "குத்தகைதான்" என்று சொல்லி, எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார்.

மிராசுதார் கையெழுத்துப் போட்டார். அவருக்கு ஐயனாரிடம் நிஜமாகவே பயம் இருந்தது. டீக்கடையில் அப்பாவை ஒரு மாதம் விடவில்லை. "இல்லாத சாமி அஞ்சு மா கொடுத்துச்சாமே?" என்றார்கள். எதற்கும் பதில் வைத்திருக்கிற மனிதர், டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு எழுந்து வருவார்.

அவருக்கு வலித்தது அது இல்லை. அவர் ஒரு நாளாவது கோயில் வாசலை மிதிக்கமாட்டாரா என்று கல்யாணமான நாளிலிருந்து ஏங்கிய அம்மா, மிதித்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதாள். கைக் கொப்புளத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவினாள். மறுநாளிலிருந்து விபூதிச் சம்புடத்தைத் தன் நெற்றிக்கு மட்டும்தான் திறந்தாள்.

ஒரு மதியம் அப்பா வெகுநேரம் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அம்மா பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறக்காமலே, "இன்னிக்கும் இல்லியா?" என்றார்.

"எனக்காகத்தான அன்னிக்கு சூடம் அடிச்சீங்க. அதுக்கப்பறமும் திருட்டுத்தனமாப் பூசுவனா?"

"சாமி கெடக்குது. நீ பூசு. எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது."

அம்மா முறத்தை வைத்துவிட்டுப் போய்ச் சம்புடத்தை எடுத்து வந்தாள். அன்றைக்கு அப்பா நடிக்கவில்லை, நிஜமாகவே தூங்கிப்போனார்.