ஐப்பசியில் நான் போட்ட பூஜ்யம்

கொல்லிமலை மிளகை இணையதளம் மூலம் விற்ற சேந்தமங்கலம் ஆபீசில் மாத அறிக்கை எழுதுவது என் வேலை. விசாரித்து வரும் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுத, செல்வி தினமும் மலையிலிருந்து பஸ்ஸில் வருவார். ஐப்பசியில் பலர் விசாரித்தும் ஒருவர்கூட வாங்கவில்லை. ‘செல்வியின் பதில்களால் பலன் பூஜ்யம்’ என்று எழுதினேன். அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

மாசியில் ஆர்டர்கள் குவிந்தன. ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும் ஐப்பசியில் செல்வி எழுதிய பதில் இருந்தது.

மலைமேல் குண்டனி நாடு என்ற ஊரில் இருந்த அவர் வீட்டுக்கே போய் அதைச் சொன்னேன். மிளகு உலர்த்திக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“தையிலதானுங்க மொளகே பறிப்போம். புது மொளகு வரட்டும்னு காத்திருந்திருப்பாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே?”

மாசி விற்பனைக்காக ஆபீசில் என்னைத்தான் பாராட்டினார்கள். அது செல்வியின் உழைப்பு என்று சொல்ல நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பூஜ்யம் இன்றுவரை அவர் பெயருக்கு நேரேதான் இருக்கிறது.