பதினான்கு நாள் செல்லுபடி

கண்டி யட்டிநுவர வீதியில், காது கேட்கும் கருவி விற்கும் கடையொன்றில் இருபத்திரண்டு வருடமாக இராஜகுமாரிதான் பில் போடுகிறாள். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் தட்டெழுத்துப் படிக்கக் கண்டிக்குப் பஸ் ஏறினாள். அப்புறம் இங்கேயே வேலை, இங்கேயே கல்யாணம், கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீடு. தோட்டத்துப் பேச்சை அவள் கொஞ்சம் கொஞ்சமாக நாக்கிலிருந்து கழற்றிவிட்டிருந்தாள். அந்தப் பேச்சோடு யாராவது கடைப்படி ஏறினால், அவர்களைச் சீக்கிரம் அனுப்பிவிடத்தான் அவளுக்குத் தோன்றும். அது ஏன் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு பெப்ரவரி இருபத்து நாலாம் திகதி லெட்சுமணன் வந்தார். ஹுன்னஸ்கிரிய தோட்டத்து ஆள். பக்கத்தில் ஆறு வயது மகள் யசோதினி. பிள்ளைக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்காது. ஆஸ்பத்திரியில் சோதித்து, இன்ன கருவி வேண்டுமென்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"மிஸ், கொழும்புல ஒரு சங்கம் காசு தாரேன்னு சொல்றாங்க. கடையில ஒரு பில்லு வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்றார்.

அவருக்கு வேண்டியது பில் அல்ல என்று இராஜகுமாரிக்குத் தெரியும். இந்த மாதிரி வேலைக்குக் கொடுப்பது புரோஃபோமா இன்வொய்ஸ். பொருளை விற்பதற்கு முன்னால் கொடுக்கும் தாள் அது. இன்ன பொருள், இன்ன விலை, இத்தனை நாளைக்கு இந்த விலை நிற்கும் என்று சொல்லும். அதைக் காட்டி வங்கியில் கடன் கேட்கலாம், சங்கங்களில் உதவி கேட்கலாம். ஆனால் அந்தத் தாளால் எதுவும் விற்கப்பட்டதாகவும் ஆகாது, ஒதுக்கி வைக்கப்பட்டதாகவும் ஆகாது.

இரண்டு காதுக்கும் சேர்த்துத் தொண்ணூற்றிரண்டாயிரம் ரூபா என்று தட்டெழுதிக்கொண்டிருந்தபோது அவளுடைய கைபேசி அடித்தது. கணவர் நிரஞ்சன், காலையிலிருந்து சமையல் கேஸ் சிலிண்டர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். "நீ வந்து நின்னாத்தான் நான் ஒப்பிசுக்குப் போகலாம். எங்க இருக்கே?"

"வாறேன், வாறேன்" என்று வைத்துவிட்டு, தாளை அச்செடுத்து முத்திரை குத்தி நீட்டினாள்.

லெட்சுமணன் அதை இரண்டு கையாலும் வாங்கினார். "மிஸ், சீட்டுக் காசு நாப்பதாயிரம் கெடக்கு. முன்கூட்டி ஏதாச்சும் கட்டிட்டுப் போகவா?"

நாலில் ஒரு பங்கு கட்டினால் போதும். விலை எவ்வளவு ஏறினாலும் பழைய விலைக்கே கொடுப்பது கடையின் வழக்கம். தாளின் அடியிலும் சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில் அது இருக்கிறது. ஆனால் முற்பணம் வாங்குவதென்றால் முதலாளி ஜமால்தீன் ஹாஜியாரைக் கூப்பிட வேண்டும், பற்றுச்சீட்டு எழுத வேண்டும், அவர் கையெழுத்து வாங்க வேண்டும். ஹாஜியார் தொழுகைக்குப் போயிருந்தார். இன்னும் அரை மணி நேரம்.

"இப்ப ஒண்ணும் கட்டத் தேவையில்லை. சங்கத்துக்கிட்ட இதைக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, கடையை உதவியாளிடம் விட்டு அவள் குடையை எடுத்தாள்.

சொன்னது பொய்யல்ல. கட்ட வேண்டிய கட்டாயம் இல்லைதான்.

மார்ச்சில் ரூபா விழுந்தது. இருநூறு ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் முந்நூற்றறுபதில் நின்றது. கருவிகள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருபவை. இராஜகுமாரி வாரத்துக்கு ஒரு தடவை விலைப்பட்டியலை மாற்றினாள்.

மே மாத நடுவில் லெட்சுமணன் மகளோடு மறுபடி வந்தார். பிள்ளைக்குப் புதுச் சட்டை. கையில் கடையின் பெயருக்கு எழுதிய செக், தொண்ணூற்றிரண்டாயிரத்துக்கு. பழைய தாளை மடிப்பு விழாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.

"காசு வந்திருச்சு மிஸ். பொருள எடுத்துக் குடுங்க."

"இதுக்குப் பதினாலு நாள்தான் செல்லுபடி, அண்ணே. இப்ப விலை ஒரு லெச்சத்து அறுபத்தெட்டாயிரம்."

அவருக்கு விளங்கவில்லை. "நீங்கதானே பில்லு போட்டுக் குடுத்தீங்க? எங்க பள்ளிக்கூடத்து வாத்தியார் சேர்கிட்ட காட்டினேன். இன்வொய்ஸ்னா பில்லுன்னுதான் சொன்னாரு. பில்லு போட்டா எடுத்து வச்சிருப்பாங்கன்னுதானே நான் இருந்தேன்?"

"இது பில் இல்லை. புரோஃபோமா."

அந்தச் சொல்லைக் கேட்டு அவர் தலையாட்டினார். வைத்தியர் வாயிலிருந்து ஏதோ வியாதியின் பெயரைக் கேட்டவர் போலிருந்தது அவர் முகம்.

இராஜகுமாரி உள்ளே போய் ஹாஜியாரிடம் சொன்னாள். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "நான் எடுக்கிற விலையே லெச்சத்துக்கு மேலே, புள்ள. என்ன செய்ய? ஒரு காதுக்குக் குடுப்போம். மிச்சத்துக்கு பேட்டரி போடு." பிறகு கேட்டார்: "முற்பணம் ஏதும் கட்டல்லையா அந்த மனுசன்?"

"கட்டல்ல ஹாஜியார்" என்றாள். கட்டவா என்று அவர் கேட்டதை மறைத்துவிட்டாள்.

வலது காதில் கருவியைப் பொருத்தினார்கள். வீதியில் பஸ் ஹோர்ன் அடித்ததும் யசோதினி திடுக்கிட்டு அப்பாவின் இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டாள். லெட்சுமணன் அழுதார். "புண்ணியமாப் போகும் மிஸ்" என்று அவர் கும்பிட்டபோது இராஜகுமாரி கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரமே அவள் ஒரு ரப்பர் முத்திரை செய்வித்தாள். "இது பில் அல்ல. குறித்த திகதிக்குள் கால் பங்கு கட்டினால் விலை மாறாது." அன்றிலிருந்து அவள் கொடுக்கும் ஒவ்வொரு புரோஃபோமாவிலும் சிவப்பு மையில் அது விழும். வாயாலும் இரண்டு தடவை சொல்லுவாள். ஆனாலும் அந்த நாற்பதாயிரம் அவளை விடவில்லை. வீட்டில் சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் நினைப்பு வரும். அன்று அரை மணி நேரம் உட்காரச் சொல்லியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? நிரஞ்சனிடம் ஒருநாள் சொன்னாள். "நீ என்ன பொய்யா சொன்னே? விடு" என்றார். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

இரண்டாவது கருவிக்கு வேறொரு சங்கம் உதவ, இரண்டு வருடத்துக்குமேல் ஆகிவிட்டது. யசோதினிக்கு அப்போது எட்டு வயது. யார் பேசினாலும் வலது பக்கத்தை நீட்டித் தலையைச் சாய்த்துக் கேட்பது பழகிப்போயிருந்தது. வகுப்பில் இடது பக்கம் உட்காரும் பிள்ளைகளோடு சண்டையாம். இரண்டு வருடமும் ஒரே வகுப்பில் இருக்கிறாளாம். லெட்சுமணன் சாதாரணமாகத்தான் சொன்னார்.

கருவியைப் பொருத்தி முடிந்ததும் இராஜகுமாரி அவரை வாசல் பக்கம் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். மொதத் தடவ வந்தப்ப முன்பணம் கட்டவான்னு கேட்டீங்க. கட்டியிருந்தா பழைய விலைக்கே ரெண்டும் கெடச்சிருக்கும். நான்தான் வேணாம்னுட்டேன். எனக்குப் போற அவசரம்."

தன் வாயில் வந்த தோட்டத்துத் தமிழ் அவளுக்கே புதிதாகக் கேட்டது.

லெட்சுமணன் வீதிப் பக்கம் திரும்பினார். "நான் கேட்டேன்ல?" என்றார்.

"கேட்டீங்க."

"காசு கையில இருந்துச்சு. அப்பறம் கூரைத் தகரத்துக்குப் போட்டுட்டேன்." கோபப்படவில்லை. கும்பிடவும் இல்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

அதற்குப் பிறகு பேட்டரி வாங்க லெட்சுமணன் வரவில்லை. மாதத்துக்கு ஒருமுறை ஹுன்னஸ்கிரிய பஸ்ஸின் கண்டக்டர் வந்து வாங்கிக்கொண்டு போகிறான். "புள்ள எப்படி இருக்கு?" என்று ஒவ்வொரு தடவையும் இராஜகுமாரி கேட்கிறாள்.

"எனக்கு என்ன மிஸ் தெரியும்? ஜங்ஷன் கடையில குடுக்கச் சொல்லியிருக்காங்க, குடுத்துட்டுப் போறேன்" என்று அவன் மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே சொல்லுகிறான்.